புது நகரத்தில் இரண்டு பேர்: சாதாரண உணவகங்களையும் இனிப்புக் கடைகளையும் எப்படிச் சுற்றுவது?

தெருமுனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் நெருங்கிய தோழியும் விடுமுறையில் ஒரு புது நகரத்துக்குப் போகிறோம். கோயில், அருங்காட்சியகம், கடற்கரை எதுவும் முக்கியமில்லை. சாப்பிடத்தான் போகிறோம். அதுவும் மேசை விரிப்பும் மெழுகுவத்தியும் உள்ள இடங்கள் இல்லை. நான்கு மேசை போட்ட சின்ன உணவகங்கள், இரவு நேரத்தில் கூட்டம் சேரும் இனிப்புக் கடைகள், இப்படி.

எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயங்கள் சில இருக்கின்றன. அவள் இணையத்தில் கடைகளின் மதிப்பெண்ணை முன்கூட்டியே பார்த்துப் பட்டியல் போட வேண்டும் என்கிறாள். நான் தெருவில் நடந்து கண்ணில் படுவதில் நுழையலாம் என்கிறேன். ஒரு தட்டு வாங்கிப் பகிர்வதா, ஆளுக்கொன்று வாங்குவதா? சாப்பிட்ட இடத்திலேயே இனிப்பையும் முடிப்பதா, அதற்குத் தனிக் கடை தேடிப் போவதா? வயிறு ஒன்றுதானே, ஒரு மாலையில் எத்தனை கடைதான் தாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கரண்டி எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஒரு தட்டு, இரண்டு கரண்டி. நண்பரோடு போவதால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான்.

ஒரு பண்டத்தின் ருசி முதல் சில வாய்களில்தான் கூர்மையாகத் தெரிகிறது. அப்புறம் நாக்கும் மூளையும் அதற்குப் பழகிவிடுகின்றன. பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் 1981-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டபின், சாப்பிட்ட பண்டத்தின் மேல் விருப்பம் நன்றாகக் குறைந்திருந்தது. சாப்பிடாத பண்டங்களின் மேல் அந்த அளவுக்குக் குறையவில்லை. "சாப்பாடு போதும், ஆனால் இனிப்புக்கு இடம் இருக்கிறது" என்று நாம் சொல்வது வெறும் ஆசை இல்லை. உப்பும் காரமும் போதுமென்று ஆன உடம்புக்கு இனிப்பு இன்னும் புதுசாகவே இருக்கிறது.

அதனால் என் வழக்கம் இது. முதல் கடையில் ஒரு தட்டு, பாதிப் பசி ஆறும் அளவுக்கு மட்டும். கொஞ்சம் நடை. இரண்டாவது கடையில் முற்றிலும் வேறு மாதிரியான ஒரு தட்டு: முதலாவது வறுத்தது என்றால் இது குழம்பாகவோ ஆவியில் வெந்ததாகவோ இருக்க வேண்டும். மறுபடி நடை. கடைசியில் இனிப்பு, நிச்சயமாகத் தனிக் கடையில். சாதாரண உணவகங்களில் இனிப்பு பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்ததாகத்தான் இருக்கும். அதையே தொழிலாகச் செய்கிறவர் கையில் சாப்பிடுவதே மேல்.

ஒரு எச்சரிக்கை. கூட ஆள் இருந்தால் நாம் தனியாகச் சாப்பிடுவதைவிட அதிகம் சாப்பிடுகிறோம். ஜான் டி காஸ்ட்ரோ என்ற உளவியலாளர் மக்களிடம் உணவுக் குறிப்பேடு எழுதவைத்துப் பார்த்தபோது இது திரும்பத் திரும்பத் தெரிந்தது. பேச்சு நீள்கிறது, மேசையில் இருக்கும் நேரம் கூடுகிறது, கை தட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. முதல் கடையிலேயே கதை பேசி உட்கார்ந்துவிட்டால் இரண்டாவது கடைக்கு இடமிருக்காது. பேச வேண்டியதை நடக்கும்போது பேசுங்கள்.

பசிநேரம் எழுதியது:

கரண்டி சொல்வதில் ஆராய்ச்சி சரியாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேரும் இடம் எனக்கு ஒப்பவில்லை.

முதல் வாயில் ஜெயிக்கும் பண்டம் எது? சத்தமாகப் பேசும் பண்டம். அதிக இனிப்பு, அதிக வறுவல், அதிகக் காரம். அடக்கமாகச் செய்த ஒரு சூப் முதல் கரண்டியில் ஒன்றும் சொல்லாது. ஐந்தாவது, ஆறாவது கரண்டியில்தான் எலும்பு எவ்வளவு நேரம் வெந்திருக்கிறது, எந்த இலையைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் முதல் வாயிலும் கடைசி வாயிலும் ஒன்றில்லை. நூடுல்ஸின் மாவுச்சத்து கரைந்து சாறு மெல்லக் கெட்டிப்படும், மேலே மிதந்த எண்ணெய் கலக்கும், அடியில் தங்கிய பூண்டு மேலே வரும். செய்தவர் அந்தக் கிண்ணத்தை முழுசாகத்தான் யோசித்திருக்கிறார். நாலு கரண்டி எடுத்துவிட்டு "பார்த்தாயிற்று" என்று எழுந்து போவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாலை, ஒரே உணவகம், ஆளுக்கொரு கிண்ணம், முழுசாக. அதன்பின் ஒரே இனிப்புக் கடை. நகரத்தில் எத்தனை கடை பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டு திரும்புவதைவிட, ஒரு கடையை உள்ளபடி தெரிந்துகொண்டு திரும்புவது எனக்குப் பெரிசு.

கரண்டி எழுதியது:

பசிநேரம், கிண்ணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். சாறும் நூடுல்ஸும் சேர்ந்தது எதுவாக இருந்தாலும் ஆளுக்கொன்றுதான். இரண்டு பேர் ஒரே கிண்ணத்தில் அள்ளினால் ஒருவர் சாற்றைக் குடிக்க, மற்றவருக்கு ஊறிப்போன நூடுல்ஸ்தான் மிஞ்சும்.

ஆனால் எல்லாப் பண்டமும் அப்படியில்லை. பொரித்தது சூடு ஆறினால் போயிற்று. நெய்யும் சர்க்கரையும் வெண்ணெயும் நிறைந்த ஒரு கேக் துண்டின் பிற்பாதி முற்பாதியை மறுபடி சொல்வது மட்டும்தான், கூடவே திகட்டலும் வரும். இவற்றைப் பகிர்ந்தால் இழப்பு ஒன்றுமில்லை. பண்டத்தைப் பார்த்து முடிவெடுங்கள், தெருமுனை. ஒரே விதியை எல்லாக் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம்.

எண்கணக்கு எழுதியது:

பகிர்வதா வேண்டாமா என்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: எப்படித் தேர்ந்தெடுப்பது. டான் ஏரியலியும் ஜோனதன் லெவாவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வை உணவகம் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே மேசையில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டுச் சொல்லும்போது, பின்னால் சொல்பவர் முன்னவர் சொன்னதைத் தவிர்த்து வேறொன்றைக் கேட்கப் பார்க்கிறார். தனக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தங்கள் பண்டத்தில் திருப்தியும் குறைவாக இருந்தது.

நண்பர்களுக்கிடையில் இது ரொம்பவே நடக்கும். "நீ அதை வாங்குகிறாயா? அப்படியென்றால் நான் இதை வாங்குகிறேன்." பகிரப்போகிறீர்கள் என்றால் இது நல்லது, இரண்டு ருசி கிடைக்கும். பகிரவில்லை என்றால், பட்டியலைப் பார்த்து அவரவர் மனதில் முடிவெடுத்துவிட்டு, அப்புறம் வாய் திறங்கள். இரண்டு பேரும் ஒன்றையே கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

காசு விஷயமும் பேசிவிடுகிறேன், நட்பில் கசப்பு வருவது அங்கேதான். கனீசி, ஹருவி, யாஃபே மூவரும் 2004-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் பணம் என்று சொன்ன மேசைகளைவிட, மொத்தத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்ன மேசைகளில் மக்கள் அதிகம் வாங்கினார்கள். இத்தனைக்கும், எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகக் கொடுப்பதையே விரும்பினார்கள். கேட்கச் சங்கோசப்பட்டுத்தான் சமமாகப் பிரிக்கிறோம்.

பல கடை ஏறி இறங்கும் பயணத்துக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது பொதுப் பை. இருவரும் காலையில் ஒரே தொகையைப் போடுங்கள், சாப்பாட்டுச் செலவு முழுக்க அதிலிருந்து போகட்டும். எந்தக் கடையிலும் கணக்குப் பேச்சு வராது. ஒருவர் மட்டும் கூடுதலாக ஏதாவது வேண்டும் என்றால் அதைத் தன் பையிலிருந்து கொடுப்பார். இருவருடைய வருமானத்திலும் பெரிய வித்தியாசம் இருந்தால், குறைவாக உள்ளவர் தொகையைச் சொல்லட்டும். மற்றவர் அதையே போடட்டும்.

மழைக்காலம் எழுதியது:

யாரும் இதைத் தொடாததால் எழுதுகிறேன். என் தோழிக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை, லேசானது இல்லை. அவளோடு ஊர் சுற்றுவதில் உணவகங்களைவிட இனிப்புக் கடைகள்தான் ஆபத்து. ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டி ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் போகிறது. பிஸ்தா அள்ளியதை நீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு வெனிலாவில் விடுகிறார்கள். வெனிலாவில் கொட்டை இல்லை என்று கடைக்காரர் மனசாரச் சொல்வார், அதில் பொய்யும் இருக்காது, ஆனாலும் அது அவளுக்குப் பாதுகாப்பானதில்லை.

அதனால் "இதில் கொட்டை இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தக் கூடாது. "புதுத் தொட்டியிலிருந்து, கழுவிய கரண்டியால் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்க வேண்டும். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள்கூடத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. போகிற ஊரின் மொழி தெரியாதென்றால், எதைத் தொடக் கூடாது என்பதை அந்த மொழியில் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே சமைப்பவரிடம் அந்த அட்டையையே கொடுத்தனுப்பலாம்.

கூடப் போகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. அவள் ஊசி மருந்து எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். அவள் கேட்க வேண்டிய கேள்வியைப் பாதி நேரம் நானே கேட்டுவிடுவேன். ஒவ்வொரு கடையிலும் தானே விளக்கிக்கொண்டிருப்பது அவளுக்கு எவ்வளவு சலிப்பு என்று பக்கத்திலிருந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

சைவ நண்பரோடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்னா கோட்டா, மூஸ், மார்ஷ்மெல்லோ போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் போட்டும் செய்கிறார்கள், ஆகவே கேட்டால் வழி பிறக்கும். க்ரீம் அடுக்கிய இத்தாலிய இனிப்பான டிராமிசுவில் பச்சை முட்டையும் மதுவும் சேர்வது வழக்கம். பெயரைப் பார்த்துப் பால் இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

நுரைப்பால் எழுதியது:

சின்னதாக ஒரு இனிப்புக் கடை நடத்துகிறேன். இந்த இழையைப் படித்ததும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொல்லத் தோன்றியது.

முதலில் பகிர்வதைப் பற்றி. தயவுசெய்து பகிருங்கள், எங்களுக்கு வருத்தமே இல்லை. வாங்கும்போதே சொல்லிவிட்டால் போதும், இரண்டு சின்னத் தட்டும் இரண்டு கரண்டியும் சேர்த்து வைப்போம். சில கேக்குகளைச் சமையலறையிலேயே இரண்டாக வெட்டினால்தான் அடுக்குகள் குலையாமல் வரும். எங்களுக்குக் கஷ்டம் வேறு இடத்தில். இரவு உணவு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நிற்கும்போது, ஒரு கோப்பை வாங்கி முடித்துவிட்டு இரண்டு பேர் ஒரு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த இரவின் வியாபாரமே மாறிவிடும். நாங்கள் எழுந்திருக்கச் சொல்ல மாட்டோம். நான்கு மேசைக் கடைக்கு ஒரு மேசை என்பது கால் பங்கு வருமானம். நிதானமாகப் பேச வேண்டும் என்றால் மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவில் வாருங்கள். அப்போது எங்களுக்கும் உங்களோடு பேச நேரமிருக்கும், எது இன்று காலை செய்தது, எது நேற்றையது என்று ஒளிக்காமல் சொல்வோம்.

அப்புறம், ஒரு இனிப்புக் கடை நல்லதா என்று வாசலிலேயே எப்படிப் பார்ப்பது? நான் வேறு ஊருக்குப் போனால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஐஸ்கிரீம் கடையில் முதலில் நிறத்தைப் பாருங்கள். உண்மையான பிஸ்தா மங்கலான பச்சை, பழுப்பும் கலந்திருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தால் அது சாயம். வாழைப்பழம் அரைத்தால் மஞ்சளாக நிற்காது, கொஞ்சம் சாம்பல் தட்டிவிடும். தொட்டிக்கு மேலே மலைபோல் குவித்து அலங்கரித்திருந்தால் யோசியுங்கள். தொட்டியின் விளிம்புக்குக் கீழேதான் குளிர் சீராக இருக்கும். அவ்வளவு உயரத்தில் உருகாமல் நிற்க வேண்டும் என்றால் கெட்டிப்படுத்தும் பொருளோ காற்றோ கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் உலோக மூடி போட்ட தொட்டிகளில் வைத்திருக்கும் கடையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும். பார்வைக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் குளிர் சீராக நிற்கும்.

காற்று என்றதும் இன்னொன்று. ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்று சேர்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது பனிக்கட்டிதான். ஆனால் மலிவான வகைகளில் பருமனில் பாதிவரை காற்று இருக்கும். இத்தாலிய வகை ஐஸ்கிரீமான ஜெலாட்டோவில் காற்றும் கொழுப்பும் குறைவு, பரிமாறும்போது குளிரும் குறைவு. அதனால்தான் ருசி சீக்கிரம் நாக்குக்கு எட்டுகிறது. கடும் குளிரில் நாக்கு இனிப்பைச் சரியாக உணராது. உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே பண்டம் தாங்க முடியாத இனிப்பாக இருக்கும். கல்போல் உறைந்த ஐஸ்கிரீமை வாங்கியதும் பாயாமல் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். கரண்டி தானாக இறங்கும்போது சாப்பிட்டால் கொடுத்த காசுக்கு உண்மையான ருசி கிடைக்கும்.

வாயில் நறநறவென்று பனித்துகள் பட்டால் அது எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மின்சாரம் போயிருக்கலாம், வண்டியில் வரும்போது குளிர் குறைந்திருக்கலாம். அந்தக் கடையில் அன்றைக்கு ஐஸ்கிரீம் வேண்டாம், வேறு ஏதாவது கேளுங்கள்.

க்ரீம் அடைத்த மொறுமொறுப் பண்டங்களில் ஒரே கேள்விதான்: கேட்டபின் அடைக்கிறார்களா, முன்பே அடைத்து வைத்திருக்கிறார்களா? க்ரீமில் இருக்கும் ஈரம் ஓட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். காலையில் அடைத்தது மாலையில் மொறுமொறுப்பாக இருக்க வழியே இல்லை. காலி ஓடுகளை அடுக்கி வைத்து, கேட்டதும் அடைத்துத் தரும் கடையைப் பார்த்தால் விடாதீர்கள்.

தெருமுனை எழுதியது:

இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தோழியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். மழைக்காலம் எழுதியதைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதை நான் எப்போதும் கணக்கில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் பட்டியலா, நடையா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. அவள் சொல்வது: விடுமுறை நாள் குறைவு, கண்டபடி நுழைந்து மோசமான சாப்பாடு சாப்பிட்டால் அந்த மாலை திரும்ப வராது. நான் சொல்வது: பட்டியலோடு போனால் மற்ற எல்லோரும் போன இடத்துக்குத்தான் போவோம், வரிசையில் நின்றே பொழுது போகும்.

எண்கணக்கு எழுதியது:

மதிப்பெண்ணை நம்புவது ஒன்று, படிப்பது வேறு. மைக்கேல் லூக்கா 2011-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஆராய்ந்தபோது, விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடுவதைக் கண்டார். தனியாக நடத்தும் கடைகளுக்குத்தான் இந்த விளைவு, பெரிய தொடர் உணவகங்களுக்கு இல்லை. அவ்வளவு பணம் நட்சத்திரத்தில் தொங்குகிறது என்றால், நட்சத்திரம் வாங்கும் ஆசையும் இருக்கத்தான் செய்யும். பொய் விமர்சனங்கள் எழுதப்படுவதற்கும் அதுவே காரணம்.

நான் சராசரி எண்ணைப் பார்ப்பதே இல்லை. நடுவாந்தரமான விமர்சனங்களைத் தேடிப் படிப்பேன். ஐந்து நட்சத்திரக்காரர் "அருமை" என்பார், ஒரு நட்சத்திரக்காரர் அன்றைய கோபத்தைக் கொட்டுவார். மூன்று கொடுத்தவர்தான் "சூப் நன்றாக இருந்தது, பொரித்தவை எண்ணெய் குடித்திருந்தன, உட்கார இடமில்லை" என்று பயன்படுகிற மாதிரி எழுதுகிறார். வேகம் குறைவு, நாற்காலி சௌகரியமில்லை என்றெல்லாம் குறை சொல்லி, சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத விமர்சனம் கிடைத்தால் நான் அந்தக் கடைக்குப் போய்விடுவேன்.

பசிநேரம் எழுதியது:

சண்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு மாலைக்கு ஒரு கடையை மட்டும் தோழி முடிவு செய்யட்டும். அது நிச்சயம் போக வேண்டிய கடை, திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள் எல்லாம் பார்த்து வைத்த கடை. மீதியை நீங்கள் அதைச் சுற்றி நடந்து கண்டுபிடியுங்கள். நல்ல சின்னக் கடைகள் தனியாக முளைப்பது குறைவு. ஒரு சந்தைக்கோ கல்லூரிக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ பக்கத்தில் சேர்ந்தேதான் இருக்கும்.

நடக்கும்போது பெரிய தெருவை விட்டு அதற்கு அடுத்த தெருவுக்குள் போங்கள். முகப்புத் தெருவில் வாடகை அதிகம், அதைத் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். உணவுப் பட்டியல் நீளமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அத்தனை வகைக்கும் பொருள் வாங்கி வைத்தால் பாதி உறைபெட்டியில்தான் கிடக்க வேண்டும். ஒரு பக்கத்தில் முடியும் பட்டியல் என்றால் எல்லாமே அன்றாடம் செலவாகிறது. உள்ளே யார் சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள். தனியாக வந்து, பட்டியலைப் பார்க்காமலே கேட்டு, பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் கடையில் தைரியமாக நுழையலாம். அவர்கள் நேற்றும் வந்தவர்கள்.

இனிப்புக் கடை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சத்தமாகப் பாட்டுப் போடும் கடையில் நல்ல இனிப்பை வீணாக்காதீர்கள். இரைச்சலில் இனிப்பும் உப்பும் மட்டுப்பட்டுத் தெரிகின்றன என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வெளியே ஒரு பலகை இருந்தால் எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்காருங்கள். பேசவும் முடியும்.

வெள்ளரி எழுதியது:

நான் இங்கே மூத்தவன் என்று நினைக்கிறேன். சர்க்கரை நோய் வந்து பல காலம் ஆகிறது. என் பள்ளி நண்பன் இன்னும் என்னை இனிப்புக் கடைகளுக்குக் கூட்டிப்போகிறான், நானும் போகிறேன். நோய் வந்தவர்களை இந்த மாதிரி சுற்றலில் சேர்க்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அது எங்களுக்கு நோயைவிடக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். அது என் மருத்துவரிடம் பேசி வைத்தது, அவரவர் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இனிப்பை வெறும் வயிற்றில் தொட மாட்டேன், சாப்பாட்டுக்குப் பின்தான். இனிப்பு உண்டு என்று தெரிந்த நாளில் சாப்பாட்டில் சோறு, ரொட்டி மாதிரி மாவுப் பங்கைக் குறைத்துக்கொள்வேன். அவன் வாங்குவதில் எனக்கு இரண்டு கரண்டி, அதுவும் முதல் இரண்டு. இந்த இழையில் ‘கரண்டி’ என்பவர் மேலே சொன்ன ஆராய்ச்சி எனக்கு ரொம்பவே ஆறுதலாக இருந்தது, ருசியின் நல்ல பகுதி எனக்குக் கிடைத்துவிடுகிறது. அதன்பின் இருவரும் நடப்போம். உணவுக்குப்பின் சில நிமிடம் மெதுவாக நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. நகரத்தில் கடைக்குக் கடை நடக்கிறவர்களுக்கு அது தனி வேலையே இல்லை.

உடன் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உனக்குத்தான் ஆகாதே" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். "ஒரு துளிதானே, ஒன்றும் ஆகாது" என்றும் சொல்லாதீர்கள். என் நண்பன் இரண்டும் சொல்ல மாட்டான். முதல் இரண்டு கரண்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு வேறு பேச்சுப் பேசுவான்.

மழைக்காலம் எழுதியது:

வெள்ளரி ஐயா, உங்கள் நண்பரைப் போல ஒருவர் எல்லோருக்கும் அமைய வேண்டும்.

தெருமுனை, தோழிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்றீர்களே, அது பாலின் சர்க்கரை செரிக்காததா, பால் புரத ஒவ்வாமையா என்பதைத் தெரிந்து வையுங்கள். முதலாவது வயிற்றுத் தொல்லை, இரண்டாவது மூச்சை அடைக்கும் அளவுக்குப் போகலாம். செரிக்காதவர்கள் பலருக்கு நன்றாகப் புளித்த தயிரும் முதிர்ந்த பாலாடைக்கட்டியும் கொஞ்சம் ஒத்துக்கொள்ளும். புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எதுவும் கூடாது. பழத்தையும் சர்க்கரையையும் நீரையும் மட்டும் வைத்துச் செய்யும் சோர்பே அவளுக்குச் சரியான இனிப்பு. ஆனால் சில இடங்களில் மென்மைக்காகப் பால் சேர்க்கிறார்கள், கேட்டுவிடுங்கள். காரமான சாப்பாட்டுக்குப் பின் எரிச்சலைத் தணிக்கப் பாலைத்தான் எல்லோரும் சொல்வார்கள், பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் மிளகாயின் காரப்பொருளைப் பிடித்து நீக்குகிறது. அவளுக்கு அது முடியாது என்பதால் சர்க்கரைக் கரைசலோ கொஞ்சம் சாதமோ கைவசம் இருக்கட்டும். வெறும் தண்ணீர் காரத்தை வாய் முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான்.

தெருமுனை எழுதியது:

பால் சர்க்கரை செரிக்காததுதான், புரத ஒவ்வாமை இல்லை. சோர்பே கடை ஒன்றை அவளே முதல் நாளுக்கு எழுதிவிட்டாள். சரி, கடைசியாக ஒரு கேள்வி, நுரைப்பால் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். வயிறு நிறைந்துவிட்டால் இனிப்பைக் கட்டி வாங்கிக்கொண்டு அறையில் போய்ச் சாப்பிடலாமா?

நுரைப்பால் எழுதியது:

பண்டத்தைப் பொறுத்தது. க்ரீம், கஸ்டர்ட், முட்டை சேர்ந்தவை குளிரில் இருக்க வேண்டியவை. வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை, வெயில் ஊரில் அதற்கும் குறைவாகவே கணக்கு வையுங்கள். வாங்கியபின் இன்னொரு கடை ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம். அறையில் குளிர்பெட்டி இருக்கிறதா, அது உண்மையில் குளிர்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். விடுதிகளின் சின்னப் பெட்டிகள் பல, தண்ணீரைக் கொஞ்சம் ஜில்லென்று வைப்பதோடு சரி.

பிஸ்கட், உலர்ந்த கேக், சர்க்கரைப் பாகில் ஊறிய அடுக்குப் பண்டங்கள் தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம். பாகில் ஊறியவை மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும். சாஸ் ஊற்றித் தரும் எதுவாக இருந்தாலும் சாஸைத் தனியாகக் கேளுங்கள். மொறுமொறு ஓடும் க்ரீமும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் செய்து தருவார்கள், அறையில் நீங்களே அடைத்துக்கொள்ளலாம். வாஃபிளை மட்டும் கட்டாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்திருந்து, இரண்டு பேரும் கடை வாசலிலேயே நின்று சூடாகப் பிட்டுச் சாப்பிட்டுவிடுங்கள்.